நல்லவராக வாழ்ந்தால் போதாதா? விசுவாசத்தினால் வரும் நீதி: ஒரு விளக்கம்

கொடிய குற்றம் செய்து மரண தண்டனைக்குக் காத்திருக்கும் ஒருவர் சிறையிலேயே கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார் என்று செய்தி வரும்போதெல்லாம் ஒரே வாக்குவாதம் கிளம்பும். "கடைசி நேரத்தில் ஒரு ஜெபம் பண்ணினால் எல்லாம் சரியாகிவிடுமா? வாழ்நாள் முழுக்க ஒருவருக்கும் தீங்கு நினைக்காத மனிதருக்கு இல்லாத மோட்சம் இவருக்கு உண்டா?" இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கோபம் எந்தப் போதனையைக் குறிவைக்கிறதோ, அது வெளியே அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கிறது. "நல்லது செய்ய வேண்டியதில்லை, நம்பினால் போதும்" என்று அதை ஒரு வரியாகச் சுருக்கிப் பரப்பியதில் கிறிஸ்தவர்களுக்கும் பங்கு உண்டு.

மனிதன் தன் நற்செயலால் அல்ல, கிறிஸ்துமேல் வைக்கும் விசுவாசத்தினால் கடவுளுக்கு முன்னால் நீதிமானாக்கப்படுகிறான் என்பதே அந்தப் போதனை. நல்லது செய்வதை அது ஒதுக்கவே இல்லை. மனிதன் செய்யும் நன்மை கடவுளுக்கு முன்னால் எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் அது எழுப்பும் கேள்வி. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## சில சொற்கள்

1. நீதிமான். அன்றாடப் பேச்சில் இது ஒழுக்கமான, நேர்மையான மனிதரைக் குறிக்கும். வேதாகமத்தில் அதோடு ஒரு நீதிமன்ற வாசனையும் சேர்ந்திருக்கிறது. இரண்டு பேருக்குள் வழக்கு வந்தால் நியாயாதிபதிகள் நீதிமானை நீதிமான் என்றும் குற்றவாளியைக் குற்றவாளி என்றும் தீர்க்க வேண்டும் என்கிறது உபாகமம் 25:1. ஆக, நீதிமான் என்பவர் வழக்கில் தீர்ப்பு யார் பக்கம் வந்ததோ அவர். "நீதிமானாக்கப்படுதல்" என்றால் கடவுளின் முன்னிலையில் அந்தத் தீர்ப்பைப் பெறுவது.

2. நியாயப்பிரமாணம். மோசே வழியாக இஸ்ரவேலருக்குக் கொடுக்கப்பட்ட சட்டம். பத்துக் கட்டளைகள், பலிகள், உணவு விதிகள், விருத்தசேதனம் (ஆண்களின் நுனித்தோலை நீக்கும் சடங்கு), ஓய்வுநாள் எல்லாம் இதில் அடக்கம்.

3. கிரியை. செய்கை. அந்தச் சட்டத்தைக் கைக்கொள்வதும், பொதுவாக மனிதன் செய்யும் நற்செயல்களும்.

4. கிருபை. தகுதி பார்க்காமல் கடவுள் காட்டும் தயவு. கத்தோலிக்கர் இதை அருள் என்பார்கள். அவர்களுடைய வேதாகமத்தில் நீதிமானாக்கப்படுவது "ஏற்புடையவராவது" என்று வரும். பேசப்படும் பொருள் ஒன்றுதான்.

விசுவாசம் என்ற சொல்லைத் தனியாகப் பார்க்க வேண்டும். குழப்பத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது.

## நல்ல குணம் ஏன் போதாது?

ரோமாபுரியில் இருந்த விசுவாசிகளுக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதிய கடிதத்தின் முதல் மூன்று அதிகாரங்கள் இதற்குத்தான். எல்லாருக்கும் கண்கூடாகத் தெரியும் அக்கிரமங்களை முதலில் பட்டியல் போடுகிறார். படிக்கிறவர் தலையாட்டிக்கொண்டே வருவார். இரண்டாம் அதிகாரம் தொடங்கியதும் பேச்சு திரும்புகிறது: மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிற நீ யார்? நீயும் அதையே செய்கிறாயே! அப்புறம் சட்டம் தங்கள் கையில் இருப்பதாகப் பெருமைப்படுகிறவர்களிடம் போகிறார். முடிவாக, "எல்லாரும் பாவஞ்செய்து" என்று 3:23இல் வந்து நிற்கிறார்.

மனிதர்கள் எல்லாரும் ஒரே அளவுக்குக் கெட்டவர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கொலைகாரருக்கும் கருணையுள்ள செவிலியருக்கும் வித்தியாசம் இல்லை என்று சொல்லும் போதனையை யாராலும் மனசாட்சியோடு ஏற்க முடியாது. பவுலின் வாதம் வேறு தடத்தில் போகிறது. அதைப் படிப்படியாக இப்படிப் பிரிக்கலாம்:

1. நாம் நம்மை நல்லவர் என்று சொல்வது பெரும்பாலும் அடுத்தவரோடு ஒப்பிட்டுத்தான். கடவுளின் அளவுகோல் ஒப்பீடு பார்ப்பதில்லை. முழு இருதயத்தோடும் முழு மனதோடும் முழுப் பலத்தோடும் கடவுளை நேசிப்பது, தன்னை நேசிப்பதுபோல் பிறரை நேசிப்பது, இந்த இரண்டுதான் தலையான கட்டளைகள் என்கிறார் இயேசு. இதில் "ஓரளவு" என்பதற்கு இடமில்லை.

2. அந்த அளவுகோல் வெளிச்செயலோடு நிற்பதில்லை. மலைப்பிரசங்கத்தில் கொலைக்கு எதிரான கட்டளை கோபம் வரைக்கும் நீள்கிறது, விபசாரத்துக்கு எதிரான கட்டளை பார்வை வரைக்கும் நீள்கிறது. மத்தேயு 5ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துவிட்டு "நான் தேறிவிட்டேன்" என்று சொல்வது கஷ்டம்.

3. இன்று செய்யும் நன்மை நேற்றைய தவறை ஈடுகட்டாது. 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆன்செல்ம் என்ற இறையியலாளர் இதை அழுத்தமாக வாதிட்டார். இன்று நான் செய்யும் நல்லது எல்லாமே இன்றைக்கு நான் செய்யக் கடமைப்பட்டது. பழைய பாக்கியை அடைக்க அதில் உபரி எங்கே இருக்கிறது?

4. நன்மையே சில நேரம் பெருமைக்குத் தீனியாகிவிடுகிறது. நான்கில் மிகவும் கூர்மையானது இதுதான்.

இந்த நான்காவது புள்ளியை லூக்கா 18இல் ஒரு உவமையாகப் பார்க்கலாம். இரண்டு பேர் ஜெபம் பண்ண ஆலயத்துக்குப் போகிறார்கள். ஒருவர் பரிசேயர், அதாவது நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூதப் பிரிவைச் சேர்ந்தவர். வாரத்தில் இரண்டு நாள் உபவாசம் இருக்கிறார். சம்பாதிப்பதில் எல்லாம் பத்தில் ஒரு பங்கு கொடுக்கிறார். அவர் பொய் சொல்வதாக உவமையில் எங்கும் இல்லை. உண்மையிலேயே ஒழுங்கானவர். அதுவும் தன் ஒழுக்கத்துக்காக அவர் கடவுளுக்குத்தான் நன்றி சொல்கிறார்! ஆனால் அந்த ஜெபத்தின் நடுவில் "இந்த ஆயக்காரனைப்போலவும்" என்று ஒரு சொல் வந்து விழுகிறது. பக்கத்தில் நிற்கும் மனிதர் அவருக்குத் தன் நன்மையை அளக்கும் முழக்கோல் ஆகிவிடுகிறார்.

மற்றவர் அந்த ஆயக்காரர், அதாவது ரோம ஆட்சிக்காகச் சொந்த ஜனத்திடம் வரி வாங்குகிறவர். தூரத்தில் நின்று, கண்களை உயர்த்தக்கூடத் துணியாமல், மார்பில் அடித்துக்கொண்டு, "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்கிறார். அவ்வளவுதான், வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவர்தான் நீதிமானாக்கப்பட்டவராக வீட்டுக்குத் திரும்பினார் என்று இயேசு கதையை முடிக்கிறார்.

ஆயக்காரரின் பணிவை ஒரு நற்குணமாக எடுத்துக்கொண்டு, பணிவுக்குக் கிடைத்த பரிசு இது என்று வாசிப்பவர்கள் உண்டு. அப்படி வாசித்தால் உவமையின் உயிரே போய்விடும். அடுத்த வாரம் நாமே ஆலயத்தில் நின்று, "அந்தப் பரிசேயனைப்போல் நான் இல்லாததால் ஸ்தோத்திரம்" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவோம்.

## குற்றவாளியை விடுவிப்பது அநியாயம் இல்லையா?

சரி, மனிதன் தன் தகுதியால் நிற்க முடியாது. அப்படியானால் கடவுள் எப்படி அவனை நீதிமான் என்று தீர்க்கிறார்? போதனையின் முடிச்சு இங்கே இருக்கிறது. மேலோட்டமான விளக்கங்கள் இதைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன.

நீதிமொழிகள் 17:15, துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவனும் நீதிமானைக் குற்றவாளியாக்குகிறவனும் கர்த்தருக்கு அருவருப்பானவர்கள் என்கிறது. ரோமர் 4:5இல் பவுல் கடவுளையே "பாவியை நீதிமானாக்குகிறவர்" என்று அழைக்கிறார். நியாயாதிபதிகள் செய்யவே கூடாது என்று கடவுள் தடுத்ததைக் கடவுளே செய்கிறாரா? வேதத்தை நன்றாகப் படித்த பவுலுக்கு இந்த முரண் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

அவருடைய பதில் ரோமர் 3:25, 26இல் இருக்கிறது. கடவுள் பாவத்தைக் கண்டும் காணாமல் விடவில்லை, கிறிஸ்துவின் மரணத்தில் அதற்குரிய தீர்ப்பு நடந்தது. அதனால் அவர் தாமும் நீதியுள்ளவராக இருந்துகொண்டே, இயேசுவிடம் விசுவாசம் வைக்கிறவனையும் நீதிமானாக்க முடிகிறது. பாவம் அறியாத அவரை நமக்காகப் பாவமாக்கினார், நாம் அவருக்குள் தேவனுடைய நீதியாகும்படிக்கு என்று 2 கொரிந்தியர் 5:21 இதையே ஒரு மாற்றாகச் சொல்கிறது.

"ஒருவர் நீதி இன்னொருவர் கணக்கில் எப்படிப் போகும்?" என்று உடனே கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பவுல் தன் சொந்த வாழ்க்கையில் இதை எப்படிச் செய்தார் என்பதற்கு வேதாகமத்திலேயே ஒரு சின்னக் கடிதம் இருக்கிறது. ஒநேசிமு என்ற அடிமையை அவனுடைய எஜமான் பிலேமோனிடம் பவுல் திருப்பி அனுப்புகிறார். கையில் கொடுத்தனுப்பிய கடிதத்தில் இரண்டு விஷயங்கள். ஒன்று, என்னை ஏற்றுக்கொள்வதுபோல் அவனை ஏற்றுக்கொள்ளும். இரண்டு, அவன் உமக்கு அநியாயம் செய்திருந்தால், உம்மிடம் கடன்பட்டிருந்தால், "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்". நான் செலுத்தித் தீர்ப்பேன் என்று தன் கையாலேயே எழுதியும் கொடுக்கிறார். கடன் ஒருவர் பெயருக்கு மாறுகிறது, வரவேற்பு இன்னொருவருக்குக் கிடைக்கிறது. அந்தக் கடிதத்தில் பவுல் இந்தப் போதனையை விளக்கிக்கொண்டிருக்கவில்லை. ஆனால் அதன் இரண்டு பக்கமும் அங்கே அப்படியே இருக்கின்றன.

## ஆபிரகாமின் வயதைக் கணக்குப் போட்டால்

இது பவுல் புதிதாகக் கண்டுபிடித்த கொள்கை இல்லை என்று காட்ட அவர் ஆதியாகமத்துக்குப் போகிறார். 15:6: ஆபிராம் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு "நீதியாக எண்ணினார்". பவுல் கேட்பது நேரடியான கேள்வி. இது நடந்தபோது ஆபிரகாம் விருத்தசேதனம் செய்திருந்தாரா, இல்லையா?

கணக்கு எளிது. இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு வயது 86 (16:16). விருத்தசேதனம் நடந்தபோது 99 (17:24). 15ஆம் அதிகாரம் இஸ்மவேல் பிறப்பதற்கு முந்தியது. ஆக, நீதிமான் என்று எண்ணப்பட்டதற்கும் விருத்தசேதனத்துக்கும் நடுவில் குறைந்தது 13 வருஷம். மோசேயின் நியாயப்பிரமாணமோ 430 வருஷம் கழித்து வந்தது என்று கலாத்தியர் 3:17இல் சொல்கிறார். எதுவும் செய்து முடிக்கும் முன்னால், வாக்குறுதியைப் பிடித்துக்கொண்ட நிலையிலேயே அவர் ஏற்கப்பட்டார். சடங்கு அடையாளமாகப் பிறகு வந்தது.

தேதி பார்த்து வாதிடுவது நுணுக்கமான விளையாட்டுபோலத் தோன்றலாம். ஆனால் அதன் பின்னால் ஒரு சாப்பாட்டுப் பந்தி இருக்கிறது. கலாத்தியர் 2ஆம் அதிகாரம் சொல்லும் சம்பவம்: அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமில் யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். மற்ற யூத விசுவாசிகளும், பர்னபாவும்கூட, அவர் பின்னால் போனார்கள். பவுல் எல்லார் முன்னாலும் பேதுருவை எதிர்த்தார். மனிதன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளினால் நீதிமானாக்கப்படுகிறதில்லை என்ற புகழ்பெற்ற வசனம் (2:16) அந்தச் சண்டையைச் சொல்லும் இடத்தில்தான் வருகிறது. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற கேள்வியில்தான் இந்தப் போதனைக்குச் சூடு ஏறியது என்பதை இறையியல் பாடங்கள் மறந்துவிடுகின்றன. எல்லாரும் கிருபையால் ஏற்கப்பட்டவர்கள் என்றால், தனிப் பந்தி போட எவருக்கும் உரிமை கிடையாது.

இதையொட்டி ஒரு எச்சரிக்கையும் அவசியம். அக்கால யூதர்கள் எல்லாரும் புண்ணியம் சேர்த்து மோட்சம் வாங்க நினைத்தவர்கள் என்ற சித்திரம் கிறிஸ்தவப் பிரசங்கங்களில் பல நூற்றாண்டுகள் ஓடியது. 1977இல் இ. பி. சாண்டர்ஸ் என்ற அறிஞர் அக்கால யூத நூல்களை விரிவாக ஆராய்ந்து, அவர்களும் கடவுளின் தயவான தெரிவில்தான் தொடங்கினார்கள், சட்டத்தைக் கைக்கொள்வது அந்த உடன்படிக்கைக்குள் நிலைத்திருக்கும் வழியாக இருந்தது என்று வாதிட்டார். ஜேம்ஸ் டன், என். டி. ரைட் போன்றவர்கள் அதைத் தொடர்ந்து, "நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்" என்று பவுல் சொல்லும்போது விருத்தசேதனம், உணவு விதி, ஓய்வுநாள் போன்ற அடையாளங்களே முன்னால் நிற்கின்றன என்றார்கள். இந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. தகுதியால் ஏற்கப்படுவதைப் பவுல் முற்றாக மறுக்கிறார் என்பது ரோமர் 4இல் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் அதற்காக யூத மதத்தைக் கேலிச்சித்திரம் ஆக்கத் தேவையில்லை.

## விசுவாசம் என்பது எது?

நற்செயலை வெளியே அனுப்பிவிட்டு, அதே நாற்காலியில் விசுவாசத்தை உட்காரவைப்பதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. "கடவுள் முன்பு நூறு நற்செயல் கேட்டார், இப்போது விலையைக் குறைத்து விசுவாசம் மட்டும் கேட்கிறார்" என்பதுபோல. அப்படியானால் விசுவாசமும் ஒரு கிரியை ஆகிவிடும், பலமாக விசுவாசிக்கிறவர் பெருமைப்படலாம், தடுமாறுகிறவர் தொலைந்தார்.

எபேசியர் 2:8, 9 இதற்கு இடம் தரவில்லை: "இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு". விசுவாசம் என்பது நீட்டிய வெறுங்கை. கை நீட்டியதற்குக் கூலியாக யாரும் ஈவு கொடுப்பதில்லை. கையின் வலிமையும் பொருட்டல்ல, நடுங்கும் கையிலும் ஈவு முழுதாகவே வந்து சேரும். பிள்ளைக்காக இயேசுவிடம் வந்த ஒரு தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கதறியது மாற்கு 9இல் இருக்கிறது. பாதி விசுவாசமும் பாதிச் சந்தேகமுமாக நின்ற அவருடைய பிள்ளை சுகமானான்.

16ஆம் நூற்றாண்டில் புராட்டஸ்டன்ட் சபைகள் பிரிந்த சீர்திருத்த காலத்துக்குப் பிறகு வந்த இறையியலாளர்கள் விசுவாசத்தில் மூன்று படிகளைப் பிரித்துக் காட்டினார்கள்:

1. அறிதல். என்ன சொல்லப்படுகிறது என்று தெரிந்திருப்பது.
2. ஒப்புக்கொள்ளுதல். அது உண்மை என்று ஏற்பது.
3. சார்ந்திருத்தல். தன்னை அதன்மேல் முழுதாகப் போட்டுவிடுவது.

முதல் இரண்டும் மட்டும் போதாது. பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று யாக்கோபு 2:19 சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை விசுவாச அறிக்கையைத் தப்பில்லாமல் ஒப்புவிப்பது முதல் இரண்டு படியிலேயே முடிந்துவிடலாம்.

## யாக்கோபு பவுலை மறுக்கிறாரா?

"மனுஷன் விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான்" என்கிறார் யாக்கோபு (2:24). நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலேயே மனிதன் நீதிமானாக்கப்படுகிறான் என்ற பவுலின் ரோமர் 3:28க்கு நேர் எதிர் போலத் தெரிகிறது. உதாரணமும் அதே ஆபிரகாம்தான்!

எந்த ஆபிரகாம் என்று பார்த்தால் சிக்கல் தளரும். பவுல் எடுப்பது ஆதியாகமம் 15, வாக்குறுதியைக் கேட்டு நம்பிய ஆபிரகாம். யாக்கோபு எடுப்பது 22ஆம் அதிகாரம், ஈசாக்கைப் பலிபீடத்துக்குக் கொண்டுபோன ஆபிரகாம். பல வருஷங்கள் கழித்து நடந்தது. எதிராளிகளும் வேறு. சட்டத்தைக் கைக்கொண்டு தகுதி பெறலாம் என்கிறவர்களிடம் பவுல் பேசுகிறார். யாக்கோபு பேசுவதோ, உடையில்லாமல் ஆகாரமில்லாமல் இருக்கும் சகோதரனிடம் "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காமல் அனுப்புகிறவர்களிடம். அப்படிப்பட்ட விசுவாசம் செத்தது என்கிறார். பவுலும் "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே" உதவும் என்று கலாத்தியர் 5:6இல் எழுதியவர்தான்.

யாக்கோபின் கடிதம் இல்லாமல் இருந்திருந்தால் இந்தப் போதனை எப்போதோ சோம்பேறிகளின் சாக்காகியிருக்கும்.

## சபை பிளந்த இடம்

5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாஜியஸ் என்பவர், கடவுள் கட்டளை கொடுத்தால் அதைக் கைக்கொள்ளும் ஆற்றல் மனிதனுக்கு இயல்பிலேயே இருக்கிறது என்று போதித்தார். ஒழுக்கத்தில் அக்கறை உள்ளவர். கிருபையைச் சொல்லி மக்கள் தளர்ந்துவிடுவார்களோ என்பது அவருடைய கவலை. வட ஆப்பிரிக்காவின் ஆயர் அகஸ்டின் அதை எதிர்த்தார். நல்லதை விரும்புவதற்கே கிருபை வேண்டும் என்றார். 418இல் ஆயர்கள் கூடிய கார்த்தேஜ் சங்கம் பெலாஜியஸின் போதனையைத் தள்ளியது. விசுவாசத்தின் தொடக்கமும் கிருபையே என்று 529இல் ஆரஞ்சு நகரச் சங்கம் உறுதிப்படுத்தியது.

மார்ட்டின் லூத்தர் வருவது ஆயிரம் வருஷம் கழித்து. 1505இல் எர்ஃபர்ட் நகரில் அகஸ்டினிய மடத்தில் சேர்ந்த அவர் உபவாசம், விழிப்பு, மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) என்று தன்னை வருத்திக்கொண்டார். எவ்வளவு செய்தாலும் போதுமா என்ற பயம் தீரவில்லை. ரோமர் 1:17இல் வரும் "தேவநீதி" என்ற சொல்லையே வெறுத்ததாக 1545இல், சாவதற்கு முந்தின வருஷம், அவரே எழுதுகிறார். பாவியைத் தண்டிக்கும் நீதி என்றே அதைப் புரிந்துவைத்திருந்தார். அந்த வசனத்தோடு இரவும் பகலும் போராடி, அது கடவுள் ஈவாகக் கொடுக்கும் நீதி என்று கண்டபோது, பரலோக வாசலே திறந்ததுபோல் இருந்ததாம்.

1517இல் வெடித்த தகராறு பாவமன்னிப்புச் சீட்டுகளைப் பற்றியது. பாவத்துக்குரிய தற்காலிகத் தண்டனையைக் குறைக்கும் சலுகை என்பது அதன் முறையான அர்த்தம். ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்டும் பணிக்காக அது விற்கப்பட்டபோது, சாமானிய மக்களுக்கு மன்னிப்பே விலைக்குக் கிடைப்பதாகப் பட்டது. லூத்தரின் 95 வாதங்கள் அங்கிருந்து கிளம்பின. 1530இல் லூத்தர் தரப்பினர் முன்வைத்த ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் நான்காம் பிரிவு இந்தப் போதனையைச் சுருக்கமாகச் சொன்னது: மனிதர் தங்கள் வலிமையாலோ தகுதியாலோ கிரியையாலோ நீதிமானாக முடியாது, கிறிஸ்துவினிமித்தம் விசுவாசத்தின் வழியாக இலவசமாக நீதிமானாக்கப்படுகிறார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபை திரெந்து பொதுச்சங்கத்தில் 1547 ஜனவரி 13 அன்று பதில் கொடுத்தது. 16 அதிகாரம், 33 விதிகள். இதைப் பற்றி ஒரு தவறான நினைப்பு பரவலாக இருக்கிறது, கத்தோலிக்கர் நற்செயலால் மீட்பு என்று போதிக்கிறார்கள் என்று. திரெந்தின் முதல் விதியே, கிருபை இல்லாமல் தன் செயல்களால் மனிதன் கடவுளுக்கு ஏற்புடையவன் ஆகலாம் என்கிறவரைக் கண்டிக்கிறது. அப்படியானால் சண்டை எதில்?

1. லூத்தரன், சீர்திருத்த சபைகளின் பார்வையில் நீதிமானாக்கப்படுதல் ஒரு தீர்ப்பு. கிறிஸ்துவின் நீதி நம் கணக்கில் எண்ணப்படுகிறது. நமக்குள் நடக்கும் மாற்றம் பரிசுத்தமாகுதல், அது கூடவே தொடங்கி ஆயுள் முழுக்க நடக்கும். விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும்தான் என்றார் லூத்தர்.

2. கத்தோலிக்கப் பார்வையில் மன்னிப்பும் உள்மாற்றமும் ஒரே செயலின் இரண்டு பக்கம். கடவுள் நீதிமான் என்று அறிவிப்பதோடு, நீதியை உள்ளே ஊற்றி நீதிமானாக ஆக்கவும் செய்கிறார். விசுவாசம் அதன் தொடக்கமும் வேரும். ஆனால் அன்பும் நம்பிக்கையும் சேர வேண்டும், அருளால் செய்யும் நற்செயலில் அந்த நீதி வளரும்.

கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் இந்த நீதிமன்ற மொழியில் அதிகம் பேசுவதில்லை. கடவுளின் வாழ்வில் பங்குபெறுவது என்பதே அவர்களுக்கு மையம்.

1999 அக்டோபர் 31 அன்று, அதே ஆக்ஸ்பர்க் நகரில், லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதி எதனாலும் அல்ல, கிருபையால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் கடவுளால் ஏற்கப்படுகிறோம், நம் இருதயத்தைப் புதுப்பித்து நற்செயலுக்கு நம்மை அழைக்கும் பரிசுத்த ஆவியைப் பெறுகிறோம் என்பது அதன் சாரம். 2006இல் மெத்தடிஸ்டுகளும், 2017இல் சீர்திருத்த சபைகளின் உலகக் கூட்டமைப்பும் இதில் இணைந்தன. எல்லாருக்கும் திருப்தி இல்லை. ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் இறையியலாளர்கள் பலர் எதிர்த்தார்கள், வேறுபாடுகளை மொழியால் மூடிவிட்டார்கள் என்று சொல்லும் சபைகள் இன்றும் உண்டு. ஆனாலும் 450 வருஷத்துக்கு மேல் ஒருவரை ஒருவர் கண்டித்தவர்கள் ஒரே பத்தியை ஒன்றாகச் சொல்ல முடிந்தது பெரிய விஷயம்.

## அப்படியானால் பாவம் செய்துகொண்டே இருக்கலாமா?

இந்தக் கேள்வியைப் பவுலே எழுப்பி, "கூடாதே" என்று வெட்டிவிடுகிறார் (ரோமர் 6:1, 2). இந்தப் போதனையால் நடைமுறையில் மாறுபவை சில உண்டு.

முதலாவது, நற்செயலின் நோக்கம். எனக்கு மோட்சம் வேண்டும் என்பதற்காகப் பசித்தவருக்கு உணவு கொடுத்தால், அந்தப் பசித்தவர் என் கணக்குக்கு ஒரு கருவி. ஏற்கனவே ஏற்கப்பட்டவர் கொடுக்கும்போது கொடுப்பது அந்த மனிதருக்காகவே இருக்க முடியும். கிறிஸ்தவன் எவருக்கும் கட்டுப்படாத சுதந்திரன், அதே சமயம் எல்லாருக்கும் ஊழியன் என்று 1520இல் லூத்தர் எழுதியது இதைத்தான்.

இரண்டாவது, மனித நீதிமன்றம். கடவுள் முன் மன்னிப்புப் பெற்றவருக்கு நாட்டின் சட்டத்திலிருந்து விலக்கு கிடையாது. இயேசுவோடு சிலுவையில் தொங்கிய குற்றவாளி, நாம் நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம் என்று தானே ஒப்புக்கொண்டான். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வாக்கு கிடைத்த பிறகும் அவன் சிலுவையிலிருந்து இறக்கப்படவில்லை. "கடவுளே மன்னித்துவிட்டார், நீங்கள் ஏன் புகார் கொடுக்கிறீர்கள்?" என்று பாதிக்கப்பட்டவர்களின் வாயை அடைக்க இந்தப் போதனையைப் பயன்படுத்துவது இந்தப் போதனைக்கே துரோகம். மன்னிக்கிற கடவுளைக் காட்டி, காயப்பட்டவரை இரண்டாம் முறை காயப்படுத்துகிறவர்கள், சிலுவையில் பாவத்துக்குத் தீர்ப்பு நடந்தது என்ற பாதியை விழுங்கிவிடுகிறார்கள்.

உண்மையான மாற்றம் எப்படி இருக்கும் என்று சகேயுவிடம் பார்க்கலாம். ஆயக்காரருக்குத் தலைவன், பணக்காரன், ஊரார் வெறுத்த மனிதன். இயேசு அவனிடம் எந்த நிபந்தனையும் வைக்கவில்லை. மரத்தின் மேல் இருந்தவனைக் கூப்பிட்டு, இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்றார். அதன் பிறகுதான் சகேயு எழுந்து நின்று பேசுகிறான். ஆஸ்திகளில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியது இருந்தால் நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். தானாக அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்பதே எண்ணாகமம் 5:7இன் விதி. சகேயு அதைப் பல மடங்கு தாண்டிப் போகிறான். ஏற்கப்பட்டது முதலில், ஈடு செய்தது பிறகு. ஆனால் ஈடு செய்யாமல் விடவில்லை.

## விசுவாசத்துக்கு வெளியே இருக்கும் நல்லவர்கள்

தொடக்கத்தில் கேட்ட கேள்வியின் மறுபாதி மிச்சம் இருக்கிறது. ஒருவருக்கும் தீங்கு நினைக்காத அந்த மனிதரின் கதி என்ன? கிறிஸ்தவர்களுக்குள்ளேயே இதில் ஒருமித்த பதில் இல்லை. கிறிஸ்துவை அறிந்து விசுவாசிக்காமல் மீட்பு இல்லை என்று உறுதியாகச் சொல்கிறவர்கள் சுவிசேஷ சபைகளில் அதிகம். தீர்ப்பைக் கடவுளின் கையில் விட்டுவிட்டு, மனிதர் முந்திக்கொண்டு பேசக்கூடாது என்கிறவர்களும் எல்லாச் சபைகளிலும் இருக்கிறார்கள். நியாயப்பிரமாணம் இல்லாத புறஜாதியார் (யூதரல்லாதவர்) அதில் சொல்லியிருப்பதை இயல்பாகச் செய்வதுண்டு, அது அவர்கள் இருதயத்தில் எழுதியிருக்கிறது என்ற ரோமர் 2:14, 15ஐ இரு தரப்பும் வேறு வேறு விதமாக வாசிக்கிறார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஆவணம், தங்கள் குற்றத்தினால் அல்லாமல் நற்செய்தியை அறியாதவர்கள், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனசாட்சி காட்டும் அவருடைய விருப்பத்தைச் செயலில் நிறைவேற்ற முயன்றால், அவர்களும் மீட்பு அடையலாம் என்கிறது. இதை "நல்லவராக இருந்தால் போதும்" என்று திருச்சபை ஒத்துக்கொண்டதாகப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அந்த வாக்கியத்தின் நடுவிலேயே, அவர்கள் அப்படி முயல்வது அருளின் தூண்டுதலால் என்று சேர்த்தே எழுதியிருக்கிறார்கள்.